கறுத்த பல்

என் அத்தானைக் கொல்லுவதற்கு எனக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. ஒரு கடற்கரையின் பெயரைச் சொன்னால் போதுமாக இருந்தது. சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

அவன் என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அக்காவின் புருஷன், வயதில் மூத்தவன், ஆகவே நேரில் ‘அத்தான்’, ‘வாங்கோ’, ‘இருங்கோ’ எல்லாம் உண்டு. இங்கே என் வாயைப் பொத்த யாருமில்லை. பெயர் யாக்கோப்பு. லண்டன் நோர்பரியில் வீடு, ஒரு பெற்றோல் நிலையத்தில் மனேச்சர் வேலை. தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பதும் அவன்தான். ஆளைப் பார்த்தால் பசு மாதிரி இருப்பான்.

நான் ஜெனோஜா. லூயிஷாம் பக்கத்தில் ஒரு கவுன்சில் நீச்சல் குளத்தில் நீச்சல் பழக்குகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள், அதில் பொய்யில்லை. வருஷத்தில் ஒருமுறை, பூசைக்கு வருகிற சனத்தில் விருப்பமானவர்களைக் கூட்டிக்கொண்டு கனரித் தீவுகளில் ஒன்றுக்கு, பலகையில் நின்று அலையில் சறுக்குகிற சர்ஃப் செய்யப் போவேன். ஆரம்பத்தில் இதென்ன விசர் வேலை என்று சிரித்த அதே சனம்தான் இப்போது தை மாதமே போன் எடுத்து, இந்த வருஷம் எப்ப போறம் என்று கேட்கிறது.

அந்தத் தீவு கடலுக்கு அடியிலிருந்து கக்கி எழும்பிய எரிமலை. மற்றக் கரைகளில் கடல் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து வரும், அலையும் வழியிலேயே களைத்துப்போகும். இங்கே அப்படிக் களைப்பாற இடமில்லை. ஆழ்கடலில் வந்த வேகத்தோடு வந்து நேரே கல்லில் அடிக்கும். தீவின் மறுபக்கத்தில் காற்று மறைந்த குடாக்களில் அதே கடல் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடக்கும். யாரை எந்தக் கரையில் இறக்குவது என்பதுதான் என் வேலை. மற்றதெல்லாம், விமானச் சீட்டு, வாடகை வான், கோழிக்கறி, யாரும் செய்யலாம்.

எங்கள் சனம் தங்கள் வசதிக்கு மூன்று இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. முதலாவது பால் கரை. மணல் அடி, இடுப்பளவு தண்ணீர், ஏற்கெனவே உடைந்து நுரையாகி வரும் அலை. புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கே விழலாம், எழும்பலாம், கத்தலாம். இரண்டாவது நடுக்கரை. அங்கே அலை உடையாமல் பச்சையாக வரும், ஆனால் விழுந்தாலும் கீழே மணல்தான். மூன்றாவது கறுத்த பல். எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்த இடம். கற்கள் வரிசையாக, கறுப்பாக, தண்ணீருக்கு மேலே கொஞ்சமும் கீழே மிச்சமுமாக நிற்கும். கால் வைத்து இறங்க மணல் கிடையாது. பாறையில் நின்று, பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும் வரை பொறுத்து, இடையில் கடல் மூச்சு விடுகிற நேரத்தில் போர்டோடு குதிக்க வேண்டும். தயங்கிக் குதித்தால் அடுத்த கூட்டம் வந்து ஆளைத் தூக்கி அந்தக் கற்களிலேயே உரசும்.

புறப்பட முன்னம் எல்லாரையும் என் குளத்துக்குக் கூப்பிடுவேன். போர்டில் குந்தச் சொல்லிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்த்துவிடுவேன். தண்ணீருக்குள் போய் மேலே வருகிற முகத்தைப் பார்ப்பேன். மேலே வந்ததும் என்னைத் தேடுகிற முகம் பால் கரைக்கு. போர்டைத் தேடுகிற முகம் நடுக்கரைக்கு. என்னையும் தேடாமல் போர்டையும் தேடாமல், பின்னால் திரும்பி, அடுத்தது என்ன வருகிறது என்று பார்க்கிற முகம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் கறுத்த பல்லுக்குக் கூட்டிப்போவேன். இதுவரை அப்படி ஒரு முகத்தைத்தான் கண்டிருக்கிறேன், அது றொனால்டுடையது. றொனால்ட் ரயில்வேயில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெடியன். நல்லவன், ஆனால் மூத்த ஆட்களை எதிர்த்து வாயே திறக்கமாட்டான்.

போன வருஷம் என் அக்கா அருமைநாயகி முதல்முறையாக வந்தாள். குளத்தில் கவிழ்த்தபோது மேலே வந்து என்னைத்தான் தேடினாள், பாவம். பால் கரையில் விட்டேன். விழுந்து விழுந்து கடைசியில் ஒருநாள் எழும்பி நின்றாள். அந்த ஊர்ப் பயிற்சிப் பெடியன் பக்கத்தில் நின்று போர்டைப் பிடித்திருந்தான், அவனுடைய மற்றக் கை அவள் முழங்கையில். நாற்பத்தைந்து வயது மனுசி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். நான் அதைப் படமெடுத்து பூசைச் சனத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் கைதட்டிப் பதில் போட்டார்கள், யாக்கோப்பு உட்பட.

அக்கா லண்டன் திரும்பியதும் அந்தப் படத்தை நீட்டி, இது ஆருடைய கை என்று கேட்டானாம். கேட்டுக் கேட்டு அடித்தானாம். இடியப்ப உரலால். தேக்குமர உரல், அம்மா சீதனத்தோடு கொடுத்துவிட்டது. பிடி இருக்கிற பொருள், ஓங்க வசதி. முதுகிலும் தொடையிலும் அடித்தான், உடுப்பு மறைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து. அதற்கு முதலும் அடித்தவன்தான். நான் இரண்டு தரம் பொலிசைக் கூப்பிட்டேன். இரண்டு தரமும் அக்கா வாசலில் வந்து நின்று, குளிக்கிற அறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வசனம் ஒன்றுதான் அவளுக்கு ஆங்கிலத்தில் தடுமாறாமல் வரும்.

விட்டுவிட்டு வா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மகள் டிலுக்சி யூனிவர்சிற்றிக்குப் போகட்டும் என்றாள். டிலுக்சி போனாள். பிறகு அவருக்குப் பிரஷர் என்றாள். பிறகு பூசைச் சனம் என்ன சொல்லும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் கத்துவது அவளிடம், அடி வாங்குவதும் அவள், இதில் என் கோபத்தால் அவளுக்கு என்ன பிரயோசனம்?

இந்த வருஷம் யாக்கோப்பு லீவு எடுத்தான். நானும் வாறன் என்றான். அக்காவைத் தனியே விட இனி அவனுக்கு மனமில்லை என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

குளத்துக்கு வந்தான், இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். றொனால்ட் போய்க் கூப்பிட, பேசாலைக் கடலில் பிறந்தவன் இந்தத் தொட்டிக்குள்ளே நீந்திக் காட்ட வேணுமோ என்று கேட்டிருக்கிறான். நின்ற சனமெல்லாம் சிரித்தது. மன்னார்க்காரனுக்குக் கடல் காட்டப் போறியளோ என்று றொனால்டைப் பகிடி பண்ணினார்கள். எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளை அளந்துவிட்டதாக நினைப்பு. பேசாலையில் பிறந்தவனை மூன்று வயதில் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் மாடிவீட்டில் வளர்ந்தவன். அக்காவைக் கட்டின புதிதில் நாங்கள் மூன்று பேருமாகப் பிறைட்டன் கடற்கரைக்குப் போனபோது, காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். சின்ன அலை ஒன்று வந்து தொடையில் அடித்தது. பயத்தில் பக்கத்தில் நின்ற அக்காவின் கொண்டையைப் பிடித்துத் தொங்கினான். அவனுக்கு நீச்சல் ஒரு முழமும் தெரியாது. இது அக்காவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் அத்தானைக் கவிழ்த்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மூத்த மருமகன் அவன். கலியாண வீட்டில் முதல் பந்தி அவனுக்கு, செத்த வீட்டில் முன் வரிசை அவனுக்கு. அவனைப் போய் மற்றச் சனத்தோடு வரிசையில் நிறுத்தி, உனக்கு இது ஏலுமா என்று கேட்க என்னாலேயே முடியவில்லை. நானே விட்டுவிட்டேன். மனதுக்குள் பால் கரை என்று குறித்துவைத்தேன்.

அந்த ஞாயிறு அவன் வீட்டில் சாப்பாடு. ரிவியில் தீவின் படத்தைப் போட்டு, யார் எங்கே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் கரைக்காரருக்குப் பகிடி, நடுக்கரைக்காரருக்குக் கைதட்டல். யாக்கோப்பு நண்டுக் காலை எடுத்துக்கொண்டு, “எனக்கு எங்க, ஜெனோ?” என்று கேட்டான். றொனால்ட், அண்ணையைப் பெரிய அலைக்குத்தான் விட வேணும் என்று முகமனுக்குச் சொன்னான். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். நான் பால் கரை என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி வலிக்காமல் சொல்வது என்று வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்போது அக்கா கறிச்சட்டியோடு வந்தாள். இடது கையில் சின்ன விரலையும் மோதிர விரலையும் ஐஸ்கிறீம் குச்சி வைத்துச் சேர்த்துக் கட்டியிருந்தாள். யாரோ கேட்டதற்குக் கதவில் நசுங்கியது என்றாள். யாக்கோப்பு நிமிரவில்லை. நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து நெரித்தான். அது உடைந்த சத்தம் எனக்கு அக்காவின் விரல் உடைந்த சத்தமாகவே கேட்டது. நாசமாய்ப் போவானே என்று மனம் சொன்னது.

“அத்தான், நீங்கள் கறுத்த பல்லுக்கு வாங்கோ” என்றேன்.

றொனால்டின் கை பிளேட்டில் நின்றுவிட்டது. பிறகு காலணி போடுகிற இடத்தில் என்னைப் பிடித்து, அவரைக் குளத்தில் பார்க்கவேயில்லையே அக்கா என்று மெதுவாகக் கேட்டான். வேணுமெண்டால் நீயே போய் யாக்கோப்பு அண்ணையைக் கவிழ்த்துப் பார் என்றேன். அவன் தலையைக் குனிந்து சப்பாத்துக் கட்டத் தொடங்கினான். அவனுக்கு அது ஏலாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அடுத்த கிழமைகளில் யாக்கோப்புவைப் பார்க்க வேண்டும். புது மாப்பிள்ளை தோற்றுப்போவான். தன் உயரத்துக்கும் உடம்புக்கும் கொஞ்சமும் பொருந்தாத போர்ட் ஒன்று வாங்கினான். கெட்டியான, ஒடுங்கிய, மூக்குக் கூரான போர்ட். அடியில் மீனுடையது மாதிரி மூன்று செட்டைகள். அதை முன்னறையில் திருஇருதயப் படத்துக்குக் கீழே சாத்தி வைத்தான். வருகிற சனமெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இருக்கும். பேசாலைக்குப் போன் எடுத்துச் சித்தப்பாவுக்கும் சொன்னானாம்.

அந்த நாட்களில் அக்காவின் மேல் கை வைக்கவில்லை. அக்காவே போனில் சொன்னாள். நீ அவரைப் பெரிய ஆளாக்கி விட்டது நல்லதாப் போச்சு என்றாள். எனக்கு இன்னும் கூடத்தான் கொதித்தது. நாலு பேர் புகழ்ந்தால் கையை அடக்கி வைத்திருக்க இவனுக்கு ஏலும் என்றால், இவ்வளவு காலமும் அடக்க ஏலாமல் அடிக்கவில்லை, அடிக்க வேணும் என்றே அடித்திருக்கிறான். எனக்கு நன்றாக நித்திரை வந்தது. கண்ணை மூடினால் பாறையில் அவன் நிற்பது தெரியும். குதிக்கப் பயந்து பிந்துவான். பிந்திக் குதிப்பான். காலில் கட்டிய போர்ட் கயிறு கல்லில் சிக்கும். பிறகு கடல் பார்த்துக்கொள்ளும். அங்கே தடுக்க யாருமில்லை, ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும் நிற்கிறது. சனம் அழும், பூசை ஒப்புக்கொடுக்கும், கடல் எடுத்துவிட்டது என்று சொல்லும். எனக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும் போலவும் இருக்கவில்லை.

புறப்பட முந்தின சனிக்கிழமை பின்னேரம் லூயிஷாமில் ஒரு கோவில் மண்டபத்தை எடுத்துக் கடைசிப் பயிற்சி வைத்தேன். போர்டுகளை நிலத்தில் பரப்பிவிட்டு, குப்புறப் படுத்துக் கிடந்து ஒரே துள்ளலில் எழும்பி நிற்கிற பயிற்சி. நான் கைதட்ட எல்லாரும் எழும்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளும் தாய்மாரும் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாக்கோப்பு புதுப் போர்டோடு வந்தான். குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பையும் மண்டபத்துக்குள்ளேயே போட்டிருந்தான். வயிறு முட்ட, கழுத்து இறுக, முகம் சிவந்து நின்றான். அக்கா பின்னால் அவன் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

எல்லாரும் கொஞ்சம் கேளுங்கோ என்று கையை உயர்த்தினான். “அருமை இந்த முறை பால் கரைக்குப் போகேல்ல. என்னோட கறுத்த பல்லுக்கு வாறா. என்ர மனுசிக்கு நான் பழக்குவன், வேற ஒருத்தன்ர கை தேவையில்லை.”

சனம் சிரித்தது. யாரோ விசிலும் அடித்தார்கள். புருஷன் பெண்சாதி சோடியாய்ப் போறது எவ்வளவு வடிவு என்றாள் ஒருத்தி. நான் அக்காவைப் பார்த்தேன். போன வருஷம் அவளை அந்தப் பாறை விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தேன். கீழே பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இதுக்குள்ளே விழுந்தால் எலும்பும் மிஞ்சாது என்றவள் அவள். இப்போது தலையாட்டினாள். இழுக்காமல், சரி என்று தலையாட்டினாள்.

முதலில் நயமாகத்தான் சொன்னேன். அக்காவுக்கு அது ஏலாது அத்தான், கை வேறு காயம் என்றேன். ஏலும் என்று நான் சொல்லுறன் என்றான். அப்படியென்றால் நீங்கள் இரண்டு பேரும் நடுக்கரைக்கு வாங்கோ, நானும் அங்கேயே நிற்கிறேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டு சனத்தைத் திரும்பிப் பார்த்தான். பெட்டைக்குப் பயம் வந்திட்டுது என்றான். பெட்டை என்றது என்னை. எனக்கு முப்பத்தெட்டு வயது.

வேறு வழி இருந்திருக்கலாம். தனியே கூப்பிட்டிருக்கலாம், பயணத்தையே நிறுத்தியிருக்கலாம். அதெல்லாம் பிறகு யோசிக்கிற ஆட்களுக்கு. எனக்கு அந்த நேரத்தில் அக்காவின் உடம்பு அந்தக் கற்களில் உரசுவது மட்டும்தான் தெரிந்தது.

“அத்தான், உங்களுக்கு நீந்தத் தெரியாது” என்றேன்.

நான் விடவில்லை. மூன்று வயதில் பேசாலையை விட்டதைச் சொன்னேன். கொட்டாஞ்சேனை மாடிவீட்டைச் சொன்னேன். பிறைட்டனில் முழங்கால் தண்ணீரில் அக்காவின் கொண்டையில் தொங்கியதைச் சொன்னேன். குளத்தில் இறங்காதது கௌரவத்தால் இல்லை, பயத்தால் என்றேன். பால் கரையில் விளையாடுகிற பிள்ளைகளோடுகூட உங்களை விடமாட்டேன் என்றேன். ஒரு சின்னப் பெட்டை களுக்கென்று சிரித்துவிட்டாள். தாய் அவள் வாயைப் பொத்தினாள்.

யாக்கோப்புவின் முகம் வெளிறிப்போயிற்று. மூடன் இல்லை அவன். கணக்கு அவனுக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

“பிறகு ஏன் என்னை அங்க போட்டனி?”

“சாகட்டும் எண்டுதான்.”

பரப்பிக் கிடந்த போர்டுகளை மிதித்துக்கொண்டே வந்தான். கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காது கூவியது. நானும் சும்மா நிற்கவில்லை, முழங்காலால் கொடுத்தேன், அந்த ரப்பர் உடுப்பில் அது ஏறவில்லை. கீழே கிடந்த பழகுகிற போர்ட் ஒன்றைத் தூக்கி வீசி அடித்தான். அதன் செட்டை என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. துப்பினேன், என் வாயைப் பொத்த வந்த அவன் கைக்குள்ளேயே துப்பினேன், அந்தக் கையைக் கடித்தேன். உப்பும் ரப்பரும் இரத்தமுமாக வாய் நிறைந்தது. அவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு அடுக்கியிருந்த கதிரைகளில் மோதினான். கதிரைகள் சரிந்து விழுந்தன. பிறகு இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான்.

சனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனது. றொனால்ட் ஓடிவந்தான். யாக்கோப்புவின் முழங்கையை மெல்லப் பிடித்து, அண்ணை, விடுங்கோ அண்ணை, பிள்ளையள் பாக்குதுகள் அண்ணை என்று கெஞ்சினான். கழுத்தை நெரிக்கிறவனுக்கும் மரியாதை! வெடிக்கிற நெஞ்சோடும் எனக்கு றொனால்டின் மேல்தான் ஆத்திரம் வந்தது. கண்ணுக்குள் மண்டபம் சுருங்கிக்கொண்டே போயிற்று. யாக்கோப்புவின் பெருவிரல்கள் என் தொண்டைக்குழியைத் தேடி அழுத்தின. செத்துப்போகிறேன் என்று விளங்கியது. பயத்தைவிட அவமானம்தான் கூடவாக இருந்தது.

அப்போது அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மரக்கொப்பு முறிகிற சத்தம். கை இளகியது. அக்கா அவனுடைய புதுப் போர்டை, கெட்டியான அந்தக் கூர்மூக்குப் போர்டை, கோடாலி மாதிரி விளிம்பால் பிடித்திருந்தாள். கட்டுப் போட்ட விரல்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. முறிந்தது அவன் தோளெலும்பு. அருமை என்று சொல்லிக்கொண்டு திரும்பினான். திரும்பின முகத்துக்கு இன்னொன்று விழுந்தது, காதடியில். அவன் நிலத்தில் கிடந்த போர்டுகளுக்கு மேல் விழுந்தான். அக்கா மூன்றாம் முறையும் ஓங்கினாள். றொனால்ட் இந்த முறை சரியாகப் பிடித்தான், முழுப் பலத்தோடு பிடித்தான். அக்காவைப் பிடித்தான்.

யாக்கோப்பு ஒரு கையை ஊன்றி முழங்காலில் எழும்பினான். காதிலிருந்து இரத்தம் கழுத்து ரப்பருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண் அங்குமிங்கும் அலைந்து அக்காவைத் தேடியது. இத்தனை காலத்தில் எத்தனை முகத்தைப் பார்த்திருப்பேன், அது சுத்தமான பால் கரை முகம். அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கையிலிருந்த போர்டையும் பார்க்கவில்லை. மண்டபத்துக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஏற்கெனவே பொலிசுக்குப் போன் அடித்திருந்தார்கள்.

பொலிஸ் வந்தது, அம்புலன்ஸ் வந்தது. ஒரு பொலிஸ்காரி உள்ளே வந்து, இந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். றொனால்ட் முந்திக்கொண்டான். அண்ணை போர்டில் கால் வைத்து வழுக்கி விழுந்துவிட்டார் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னான். ஓம், வழுக்கித்தான் விழுந்தவர் என்று மண்டபமே தலையாட்டியது. அக்காவைக் காப்பாற்றுகிறார்களாம்! இவ்வளவு நேரமும் மூலையில் நின்றவர்களுக்கு இப்போது வாய் வந்துவிட்டது. பொலிஸ்காரி என்னைப் பார்த்தாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் தலையாட்டத்தான் போனேன். வாய் நிறைய இரத்தத்தோடு, ஓம், வழுக்கித்தான் விழுந்தவர் என்று சொல்லப் போனேன்.

அக்கா இடையில் வந்து நின்றாள். அவர் வழுக்கவில்லை, நான்தான் அடித்தேன் என்றாள். அவளுடைய ஆங்கிலம் கல்லில் நடக்கிற மாதிரித் தடக்கித் தடக்கித்தான் வந்தது. விரல் கட்டை அவிழ்த்தாள். நீலமாக வீங்கியிருந்த விரல்களை நீட்டினாள். இரண்டு தரம் பொலிஸ் என் வீட்டுக்கு வந்தது, இரண்டு தரமும் நான் பொய் சொன்னேன் என்றாள். இடியப்ப உரலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு இரண்டு கையாலும் அதன் நீளத்தைக் காட்டினாள், பிடியைக் காட்டினாள், ஓங்கினதைக் காட்டினாள், மேற்சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். பூசைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவனை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கூடவே இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். எங்களை இன்னொன்றுக்கு. அக்காவிடம் இன்னும் விசாரிக்க இருக்கிறது என்று அந்தப் பொலிஸ்காரி எதிர்க் கதிரையில் இருந்தாள். வெளியே இன்னும் வெயில் நின்றது. அக்கா ஒரு ஐஸ் பையை என் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நோவில் எனக்கு எச்சிலும் இறங்கவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கறுத்த பல்லை நீங்கள் பாத்தனீங்கள். பிறகு ஏன் அக்கா தலையாட்டினனீங்கள்? அடிப்பார் எண்டு பயந்தோ?”

அவள் பொலிஸ்காரியைப் பார்த்தாள். அந்த மனுசிக்குத் தமிழ் விளங்காது.

“நீ அவரை அங்க போட்ட அண்டே எனக்கு விளங்கிட்டுது” என்றாள். “ஆனா உனக்கு அவரைத் தெரியாது. தனிய எண்டால் கடைசி நேரத்தில கால் நோகுது எண்டு சொல்லிப்போட்டு வானுக்குள்ள இருந்திடுவார். நான் முதல் குதிச்சால்தான் அவர் குதிப்பார்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. ஐஸ் பையைத் திருப்பி, குளிர்ந்த பக்கத்தை என் உதட்டில் வைத்தாள். இனிக் கதைக்காதே, வாய் வீங்கும் என்றாள்.